லஹாட் ரோட்டில் லண்டன் வேலை

லண்டன் என்ற பேரைக் கேட்டாலே நவமணிக்குப் பயம்தான். அந்த ஊரை அவள் பார்த்தது கிடையாது, பார்க்கப் போவதும் கிடையாது. ஆனால் அவள் குடும்பத்தில் நல்லதோ கெட்டதோ, எது நடந்தாலும் அதை லண்டனில் உட்கார்ந்துகொண்டு எவனோ ஒருத்தன் முடிவு செய்திருப்பான். மலேசியாவில் பீடோர் பக்கம் அவள் பிறந்து வளர்ந்த ரப்பர் தோட்டம் ஒரு லண்டன் கம்பெனியுடையது. லயத்து வீட்டுக் கூரை ஒழுகுகிறது என்று போய் நின்றால், "லண்டனுக்கு எழுதியிருக்கேன்" என்பார் துரை. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகைக்குப் பால்மாவு வரவில்லை என்றாலும் அதே பதில்தான். எழுதினாரோ, எழுதினேன் என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போனாரோ, யார் கண்டது. கடைசியில் எழுபதாம் வருஷ வாக்கில் அந்த லண்டன்காரன் தோட்டத்தையே விற்றுவிட்டான். வாங்கியவன் அதைத் துண்டு துண்டாக நறுக்கி விற்றான். சனங்கள் தட்டுமுட்டுச் சாமான்களோடு லாரி ஏறி, ஈப்போவில் புந்தோங்கில் வந்து இறங்கினார்கள்.

அப்படி வந்து இறங்கியவர்களில் நவமணி கொஞ்சம் கொடுத்து வைத்தவள். மூன்றாம் படிவம் வரைக்கும் படித்திருந்தாள். பரீட்சையில் கோட்டை விட்டாள் என்பது வேறு விஷயம். பீடோர் டவுனில் ஒரு சீனர் நடத்திய வகுப்புக்குப் போய் டைப் அடிக்கவும் கற்றிருந்தாள். புருஷன் பேர் பத்துமலை. மரம் அறுக்கும் ஆலையில் சேர்ந்தான். சேர்ந்த மறுவருஷமே முதுகில் கட்டை விழுந்து, பளு தூக்க முடியாத ஆளாகிவிட்டான். வீட்டிலிருந்தபடி கச்சாங் கடலை வறுத்துப் பொட்டலம் கட்டுவான், அந்தக் காசு அவன் மருந்துக்கே சரியாகிப் போகும். ஆக, நவமணியின் சம்பளம் வந்தால்தான் அந்த வீட்டில் உலை கொதிக்கும்.

அவளுக்கு வேலை கொடுத்தவர் குமரப்பன். செட்டிநாட்டுக் குடும்பம், அப்பா காலத்தில் கொடுக்கல் வாங்கல். மகனுக்கு அது பிடிக்கவில்லை. லண்டனில் கணக்குப் படித்துவிட்டு வந்தவர், ஓர் ஈயக் கம்பெனி கழித்துப்போட்ட பஞ்ச் மெஷின்களை மலிவாக வாங்கி, லஹாட் ரோட்டில் ஒரு கடைவீட்டு மாடியில் வரிசையாக நிறுத்திவிட்டார். சொந்தக்காரர்கள் எல்லாம் வாய்விட்டுச் சிரித்தார்கள். அந்தக் காலத்தில் கம்ப்யூட்டருக்கு எதையாவது சொல்ல வேண்டுமென்றால் அட்டையில் ஓட்டை போட்டுத்தான் சொல்ல வேண்டும். டைப் அடிக்கிற மாதிரி அடித்தால் மெஷின் ஓட்டை போட்டுக்கொண்டே போகும்.

ஒருத்தி அடித்தால் மட்டும் போதாது. அதே காகிதத்தைப் பார்த்து, அதே அட்டையை இன்னொருத்தி இன்னொரு மெஷினில் மறுபடி அடிக்க வேண்டும். சரிபார்க்கிற மெஷின் என்று அதற்குப் பேர். இரண்டு பேர் அடித்ததும் ஒத்துப்போனால் அட்டை நகரும். ஒத்துப்போகவில்லையென்றால் மெஷின் பூட்டிக்கொண்டு சிவப்பு விளக்கு எரியும். தப்பு யாருடையது என்று பார்த்து, அட்டையைப் புதிதாகப் போட்டு, தப்பு செய்தவள் பேருக்கு நேராகச் சுவர்ப் பலகையில் ஒரு கோடு கிழிக்க வேண்டும். மாசக் கடைசியில் கோடு அதிகமானவளுக்குச் சீட்டுக் கிழியும். பலகையும் சட்டமும் குமரப்பன் வைத்தவை. கோடு கிழிக்கிற சாக்குக்கட்டி நவமணி கையில். அந்த அறைக்கு அவள்தான் மேற்பார்வை.

முதலில் ஈயக் கம்பெனிச் சம்பளக் கணக்கு, தண்ணீர் பில்லு என்று உள்ளூர் வேலைதான் வந்துகொண்டிருந்தது. எழுபத்தேழில் குமரப்பனின் பழைய சிநேகிதர் ஒருத்தர் மூலமாக லண்டன் வேலை வந்தது. ஓர் ஆயுள் காப்புறுதிக் கம்பெனி தன் பழைய பாலிசிகளை எல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றப் போகிறதாம். பாலிசிகளின் நகல் பெட்டி பெட்டியாக விமானத்தில் வரும். இங்கே அட்டை அடித்துக் கோலாலம்பூருக்கு அனுப்பினால், அங்கே காந்த நாடாவில் ஏற்றுவார்கள், நாடா லண்டனுக்கு விமானம் ஏறும், அட்டை இங்கே அலமாரிக்குத் திரும்பும். முதலாளிக்குத் தலைகால் புரியவில்லை. நவமணிக்கு மட்டும் சந்தேகம்.

"அங்க ஆளே இல்லையா முதலாளி? எதுக்கு இவ்வளவு தூரம் அனுப்புறாங்க?"

"நம்ம மலிவுலா. வேற என்ன" என்றார் குமரப்பன்.

அந்தப் பதில் அவள் மனசில் முள்ளாகத் தைத்துக்கொண்டது. மலிவுக்காக வருகிறவன் நாளைக்கு இன்னும் மலிவாக எவனாவது கூப்பிட்டால் அங்கே போய்விடுவானே. தோட்டத்தை விற்றவன் யாரிடம் சொல்லிவிட்டுப் போனான்? லண்டனிலிருந்து பெட்டி வர ஒரு நாள் பிந்தினாலும் அவளுக்குச் சோறு இறங்காது. பத்துமலை கேலி செய்வான்: "ஏரோப்ளேன் பிந்துனா நீ ஏன்டி பட்டினி கிடக்குற?"

பெட்டிகள் வரவர ஆள் போதவில்லை. ஆள் பார் என்றார் முதலாளி. அவள் வேறு எங்கே போவாள்? புந்தோங்கில் சிதறிக் கிடந்த தன் தோட்டத்துப் பெண்களைத்தான் கூட்டி வந்தாள். ஏ பி சி டி தெரிந்து, எண் தெரிந்து, விரல் ஓடினால் போதும். இப்படி வந்தவர்களில் ஒருத்தி காளியம்மா. நவமணியைவிட ஐந்தாறு வயசு மூத்தவள், புருஷன் இல்லாதவள், ஒரே மகளைப் படிக்க வைத்துக்கொண்டிருந்தாள். இன்னொருத்தி மங்களம், வாயாடி, ஆனால் தங்கமான மனசு. காளியம்மா அடிப்பாள், மங்களம் சரிபார்ப்பாள். தோட்டத்தில் இருவருக்கும் ஒரே லயத்தில் பக்கத்துப் பக்கத்து வீடு.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். தோட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று ஒருத்தி பிந்தி வருவாள், அன்றைக்கு அவள் மரங்களில் பால் குறைந்துவிடும். ஸ்டோரில் கணக்கு எழுதும் கிராணி நிறுத்துப் பார்த்துக் குறைந்தால் அரைப் பேர்தான் போடுவார், பாதிக் கூலி. அதனால் ஸ்டோருக்குப் போகிற வழியில் பக்கத்து மரவரிசையில் பால் எடுக்கிற நெரைக்காரி தன் வாளியிலிருந்து கொஞ்சம் பாலை அவள் வாளியில் ஊற்றிவிட்டு நடந்துகொண்டே இருப்பாள். இவள் கேட்க மாட்டாள், அவள் சொல்ல மாட்டாள், இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசவே மாட்டார்கள். தன் வாளியிலும் பால் இல்லாத நாளில்? பக்கத்தில் அல்லூருக் கால்வாய்த் தண்ணீர் இருக்கவே இருக்கிறது. கொஞ்சம் கலந்தால் கிராணிக்கு என்ன தெரியப் போகிறது என்று கலந்துவிடுவார்கள். அகப்பட்டால் வசவு, அகப்படாவிட்டால் முழுப் பேர்.

எழுபத்தொன்பது தீபாவளிக்கு முன்னால் ஒரு மத்தியானம், எல்லாரும் பின்கட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, அறையில் மெஷின் சத்தம் கேட்டு நவமணி எட்டிப் பார்த்தாள். காளியம்மாவின் மெஷினில் மங்களம் உட்கார்ந்து அவசர அவசரமாக அட்டை போட்டுக்கொண்டிருந்தாள்.

"என்ன பண்ற?"

மங்களம் திரும்பினாள். "காளியக்காவுக்கு ரெண்டு மூணு அட்டை சரியில்ல. நானே மாத்திப் போட்டுட்டேன். கோடு போட்றாதக்கா, அது பாவம். போன மாசமே தலவலின்னு சொல்லிக்கிட்டு இருந்துச்சு."

நவமணி ஒன்றும் சொல்லாமல் வெளியே வந்துவிட்டாள். சொல்லியிருக்க வேண்டும். எப்படிச் சொல்வாள்? காளியம்மா பேருக்கு நேராகக் கோடு விழுந்தால் முதலாளி கண்ணில் படும். அவளை அனுப்பச் சொன்னால் நவமணி வாயால்தான் சொல்ல வேண்டி வரும். அதைவிடப் பார்க்காத மாதிரி இருந்துவிடுவது நல்லது என்று நினைத்தாள். அட்டை சரியாகத்தானே போகிறது என்று தன்னையே சமாதானம் செய்துகொண்டாள்.

கொஞ்ச நாளைக்கு அட்டை சரியாகத்தான் போனது. அப்புறம் லண்டனிலிருந்து பெட்டிகள் குவிந்தன. மங்களத்துக்குத் தன் வேலையை முடிக்கவே நேரம் பத்தவில்லை. சிவப்பு விளக்கு எரியும்போது அட்டையை எடுத்துப் பார்ப்பாள். பெரிய தப்பு என்றால் மாற்றுவாள். ஒரே ஓர் எண்தான் என்றால், காளியம்மா எதை அடித்திருக்கிறாளோ அதையே தானும் அடித்துவிடுவாள். விளக்கு அணைந்துவிடும், அட்டை நகர்ந்துவிடும். பால் தீர்ந்துபோய்த் தண்ணீர் கலக்க ஆரம்பித்துவிட்டாள் என்பது நவமணிக்குத் தெரிந்தே இருந்தது. கேட்கிற தைரியம்தான் வரவில்லை. மாசக் கடைசியில் பலகையைப் பார்த்து முதலாளி, "காளியம்மாவைப் பாருங்க, ஒரு கோடு இல்ல" என்று எல்லார் முன்னாலும் மெச்சினார். காளியம்மா வெட்கத்தோடு தலையைக் குனிந்துகொண்டாள். நவமணிக்கு அந்த நிமிஷம் தரை பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது.

எண்பதாம் வருஷம் தைப்பூசம் முடிந்த வாரம் லண்டனிலிருந்து தந்தி வந்தது. தோட்டத்தில் தந்தி வந்தால் சாவுச் செய்தி என்று அர்த்தம். குமரப்பன் அதைக் கையில் வைத்துக்கொண்டு பேயறைந்த மாதிரி நின்றார். அனுப்பிய வேலையில் நிறையத் தப்பு, மேற்கொண்டு பெட்டி அனுப்புவதை நிறுத்தியிருக்கிறோம், நேரில் பார்க்க எங்கள் அட்டை அறையை நடத்தும் மிஸஸ் கார்ட்டர் வருகிறார், அவர் பார்த்த பிறகு முடிவு. அவ்வளவுதான்.

"எவனோ குறைச்சுக் கேட்டுட்டான்" என்றார் குமரப்பன். "மணிலாவிலயோ எங்கயோ. தப்புன்னு ஒரு சாக்கு."

அவர் உடனே விலையைக் குறைத்துக்கொள்கிறோம் என்று பதில் தந்தி அடித்தார். அதற்குப் பதிலே வரவில்லை. இரண்டு நாள் கழித்து இன்னும் குறைத்து அடித்தார், அதற்கும் பதில் இல்லை. மனுஷன் மேஜையைச் சுற்றிச் சுற்றி நடந்தார். சாக்கு இல்லை, நிஜத் தப்புத்தான் என்று நவமணிக்குத் தெரியும். சொன்னால் காளியம்மாவும் மங்களமும் போவார்கள், பார்த்துக்கொண்டிருந்த தானும் போவாள். சொல்லாவிட்டால் அறை முழுக்கப் போகும். வீட்டில் பத்துமலை கேட்டதற்கெல்லாம் எரிந்து விழுந்தாள்.

"அந்த வேலை போனா என்னாடி பண்றது?" என்று அவன் ஒரு நாள் மெல்லக் கேட்டான்.

"எங்கிட்ட கேக்காத. எனக்குத் தெரியாது" என்று கத்திவிட்டு, அடுப்படிக்குப் போய் அழுதாள்.

மங்களத்தைத் தனியே கூப்பிட்டு, "இனிமே விளக்கு எரிஞ்சா என்னைக் கூப்பிடு" என்று மட்டும் சொன்னாள். மங்களம் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரிக்கா" என்றாள். ஆனால் கூப்பிட என்ன இருக்கிறது? பெட்டியே வரவில்லை. பெண்கள் தண்ணீர் பில்லு அட்டைகளை மெல்ல மெல்ல அடித்து, வேலை நடப்பதாகக் காட்டிக்கொண்டிருந்தார்கள்.

மிஸஸ் கார்ட்டர் ஒரு வியாழக்கிழமை வந்தாள். ஐம்பது வயசுக்கு மேல் இருக்கும், குட்டையான உருவம், வியர்வையில் முகம் சிவந்து கிடந்தது. துரைமார் மாதிரி ஒரு பந்தாவும் இல்லை. சாப்பாட்டு நேரத்துக்குப் பெண்கள் எல்லாரும் பின்கட்டுக்குப் போகும்வரை பேசாமல் காத்திருந்தாள். அப்புறம் கைக்கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிட்டு, அலமாரியிலிருந்து சில அட்டைப் பெட்டிகளையும் அவற்றின் காகிதங்களையும் தானே தேர்ந்து எடுத்து, சரிபார்க்கிற மெஷினில் உட்கார்ந்தாள். அவள் விரல் ஓடிய வேகத்தைப் பார்த்துக் குமரப்பனே வாயைப் பிளந்தார். அவளும் ஒரு காலத்தில் அட்டை அடித்தவள்தான் என்று அப்போதுதான் தெரிந்தது.

சில பெட்டிகள் சுத்தமாகப் போயின. அடுத்து எடுத்த பெட்டி காளியம்மாவுடையது. விளக்கு எரிந்தது. அணைத்துவிட்டு அடித்தாள், மறுபடி எரிந்தது. அந்தச் சிவப்பைப் பார்க்க முடியாமல் நவமணி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கீழே தெருவில் ரொட்டிக்காரன் மணி அடித்துக்கொண்டு போனான். மிஸஸ் கார்ட்டர் தப்பு அட்டைகளை மட்டும் பிரித்து மேஜையில் வரிசையாக வைத்து, வெகுநேரம் உற்றுப் பார்த்தாள்.

குமரப்பனின் கண்ணாடி அறைக்குள் மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். மிஸஸ் கார்ட்டர் இங்கிலீஷில் பேச, குமரப்பன் நவமணிக்குத் தமிழில் சொன்னார்.

"ஒருத்தி அடிக்கிறது தப்பாகலாம். அதே அட்டைல, அதே இடத்துல, அதே தப்பை ரெண்டாவது ஆளும் பண்றதுன்னா, எப்பவாவது ஒண்ணு ரெண்டு நடக்கும். இத்தனை நடக்காதுங்கிறாங்க. இந்த விளக்கு அப்பவே எரிஞ்சிருக்கணும். யாரு பார்த்தாங்கன்னு கேக்குறாங்க."

குமரப்பன்தான் பதற்றத்தில் முந்திக்கொண்டார். விலையை இன்னும் குறைத்துக்கொள்கிறோம், பாதியாகக் கூட, என்று ஆரம்பித்தார். மிஸஸ் கார்ட்டர் கையை உயர்த்தி அவரை நிறுத்தினாள். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. கோபத்தில் அவள் பேசியதைக் குமரப்பன் தட்டுத் தடுமாறித்தான் சொன்னார். சொல்லச் சொல்ல அவர் குரலே மாறிப்போனது.

"விலை கேட்டு நான் இவ்வளவு தூரம் வரலைங்கிறாங்க. கூலியில மிச்சமாகுறது பெரும்பாலும் விமானத்துக்கே போயிடுதாம். மலிவா செஞ்சு தர்றேன்னு அவங்களுக்கு மாசா மாசம் எவனாவது எழுதிக்கிட்டேதான் இருக்கானாம். நம்மகிட்ட அனுப்புறதுக்குக் காரணம் வேறயாம். அவங்க ஊர்ப் பொண்ணுங்க, தெரிஞ்ச பேரா இருந்தா காகிதத்தைப் பார்க்காம தெரிஞ்சதை அடிச்சிடுறாங்களாம். நமக்கு அந்தப் பேரு ஒண்ணும் தெரியாது, அதனால எழுத்தெழுத்தா பார்த்து அடிக்கிறோம். போன வருஷம் அங்க ஸ்டிரைக்கு வந்து அவங்க அறை பூட்டிக் கிடந்தப்ப, நம்மகிட்டேருந்து போன நாடாவை வச்சுத்தான் கம்பெனி ஓடுச்சாம். ஒரே இடத்துல எல்லாத்தையும் வச்சிருந்தா கெட்டுச்சுன்னு அப்பதான் அவங்களுக்குப் புரிஞ்சுதாம்."

மிஸஸ் கார்ட்டர் நவமணியைப் பார்த்து இன்னும் ஏதோ சொன்னாள்.

"பழைய அப்ளிகேஷன் பாரத்துல பிறந்த தேதி எது, பாலிசி எடுத்த தேதி எதுன்னு தெரியலைன்னு ஒருக்கா நீதான் கேக்கச் சொன்னியே, ஞாபகம் இருக்கா? அவங்களே அதை அத்தனை வருஷமா குழப்பிக்கிட்டுத்தான் இருந்தாங்களாம். வெளியாள் கேட்டப்புறம்தான் பாரத்தையே மாத்துனாங்களாம். அவங்களுக்கு வேண்டியது தூரத்துலேருந்து பார்க்குற ஒரு கண்ணு. அந்தக் கண்ணு பார்த்தும் பார்க்காம இருந்தா, பேசாம அவங்க ஊர்லயே வச்சுக்கலாமாம்."

இத்தனை வருஷமும் நவமணி மலிவு மலிவு என்று பயந்து செத்தாளே. லண்டன்காரி விமானம் ஏறி வந்து, உன் கண்ணுக்குத்தான் காசு என்கிறாள். அந்தக் கண்ணைத்தான் அவள் தீபாவளியிலிருந்து மூடி வைத்திருந்தாள்.

"நான்தான் முதலாளி" என்றாள். "விளக்கு எரிஞ்சது எனக்குத் தெரியும்."

எல்லாவற்றையும் சொன்னாள். மங்களம் மாற்றிப் போட்டதை, பிறகு மாற்ற நேரமில்லாமல் விட்டதை, தான் பார்த்துவிட்டு நகர்ந்ததை. வாளியில் பால் ஊற்றுகிற வழக்கத்தைக் கூடச் சொன்னாள். குமரப்பனுக்குக் கோபத்தில் காது சிவந்தது. ஆனாலும் ஒரு வார்த்தை விடாமல் இங்கிலீஷில் சொன்னார், அதற்காக அவரை மெச்சத்தான் வேண்டும்.

மிஸஸ் கார்ட்டர் கேட்டுவிட்டுச் சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. கண்ணாடி வழியே சுவர்ப் பலகையைக் காட்டி, அதை இறக்குங்கள் என்றாள். கோட்டுக்குப் பயப்படுகிறவர்கள் தப்பை மறைக்கத்தான் செய்வார்கள், எனக்குத் தப்பு வராத அறை வேண்டாம், தப்பு வந்தால் விளக்கு எரிகிற அறை போதும் என்றாள். தீபாவளியிலிருந்து போன பெட்டிகளைக் காசில்லாமல் மறுபடி செய்து தர வேண்டும். சரிபார்க்கிறவர்கள் தனி அறையில், யார் அடித்த அட்டை என்று தெரியாமல் உட்கார வேண்டும். இதற்குச் சம்மதம் என்றால் பெட்டி வரும்.

குமரப்பன் தலையை ஆட்டோ ஆட்டென்று ஆட்டினார். நவமணி அப்போதுதான் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். வேலை போகவில்லை. உலை கொதிக்கும். அந்தச் சந்தோஷத்தை அவள் முழுசாக ஒரு மூச்சு இழுப்பதற்குள் மிஸஸ் கார்ட்டர் அந்தத் தப்பு அட்டைகளை அவள் முன்னால் தள்ளினாள்.

"தப்பு எல்லாம் எண்ணோட ஆரம்பத்துலயே இருக்காம்" என்றார் குமரப்பன். "காகிதத்துல இடது ஓரம். நடுவுல ஒரு தப்புகூட இல்லியாம். இதை அடிச்ச பொண்ணு கவனம் இல்லாதவ இல்ல, அவளுக்கு ஓரம் தெரியலைங்கிறாங்க. அவங்களோட வேலை பார்த்த ஒருத்திக்கு இப்படித்தான் ஆரம்பிச்சுதாம். இந்தப் பொண்ணு கண்ணை யாராவது டாக்டர்கிட்ட காட்டுனாங்களான்னு கேக்குறாங்க."

நவமணிக்கு அப்போதுதான் ஒவ்வொன்றாக நினைவு வந்தது. காளியம்மா அஞ்சடி நடைபாதையில் நடக்கும்போது ஆள் மேல் இடிப்பாள். கதவு நிலையில் தோள் படும். மங்களம் அதை வைத்து, "யக்கா, வீடு உங்களுக்குச் சின்னதாப் போச்சு" என்று கிண்டல் பண்ணுவாள், எல்லாரும் சிரிப்பார்கள். நவமணியும் சிரித்திருக்கிறாள்.

மறுநாள் காலையில் காளியம்மாவைக் கூட்டிக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனாள். அட்டை அடிக்கிற எல்லாருக்கும் கண் பார்க்கச் சொல்லி லண்டனில் உத்தரவு என்று ஒரு பொய் சொன்னாள். காளியம்மா வெள்ளைப் பூ வைத்துக்கொண்டு, நல்ல சேலை கட்டிக்கொண்டு வந்திருந்தாள். வரிசையில் காத்திருந்த நேரம் முழுக்க மகளைப் பற்றித்தான் பேச்சு. "போர்டுல எம் பேருக்குக் கோடே இல்லன்னு அவகிட்ட சொல்லுவேன்லா. அம்மாவப் போல நீயும் கவனமா படிக்கணும்னு" என்றாள். நவமணி ஊம் கொட்டினாள்.

டாக்டர் சின்ன வயசுப் பெண், நல்ல மாதிரி. விளக்கை அடித்துப் பார்த்தாள், ஒரு புள்ளியைப் பார்க்கச் சொல்லிவிட்டு ஓரத்தில் விரலை ஆட்டிக் கேட்டாள். காளியம்மா நேரே பார்த்துக்கொண்டு, "எந்த வெரலு?" என்றாள். மருந்து கொடுக்கும் தமிழ் நர்ஸ்தான் பிறகு விளக்கிச் சொன்னாள். கண்ணுக்குள்ளே அழுத்தம் ஏறி, நரம்பு கெட்டுக்கொண்டே வந்திருக்கிறது. கண்ணில் வலி இருக்காது, அதனால் ஆளுக்குத் தெரியாது. கெட்டுப்போன பார்வை திரும்பாது. மிச்சம் இருப்பதைச் சொட்டு மருந்து விட்டுக் காப்பாற்றலாம், அதுவும் ஒழுங்காக விட்டால்தான்.

"கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா இவ்வளவு போயிருக்காது, அக்கா" என்றாள் நர்ஸ். "வேலையில எதுவும் தெரியலியா? எழுத்து விட்டுப் போகலியா? எண்ணு மாறலியா?"

"ஒண்ணும் மாறலியே" என்றாள் காளியம்மா. "நான் சுத்தமா அடிப்பேன். கேட்டுப் பாருங்க."

நர்ஸ் நவமணியைப் பார்த்தாள். நவமணி மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு வெளியே நடந்தாள்.

பஸ் நிறுத்தத்தில் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். வெயில் ஏறியிருந்தது. காளியம்மா மருந்துப் புட்டியைக் கையில் வைத்துக்கொண்டு எதிரே ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். நவமணி அவளுக்கு இடது பக்கம் உட்கார்ந்திருந்தாள். வேலையை யோசித்தாள், இனி காளியம்மாவால் அட்டை அடிக்க முடியாது, முதலாளியிடம் கெஞ்சி அட்டை கட்டுகிற வேலையாவது வாங்கித் தர வேண்டும் என்று யோசித்தாள்.

"அந்த வெள்ளக்காரி நேத்து எம் பெட்டியத்தான் பாத்தாளாம். பின்கட்டுல பேசிக்கிட்டாங்க" என்றாள் காளியம்மா.

"ஆமாக்கா."

"தப்பு இருந்துச்சா?"

"இருந்துச்சு."

ஒரு லாரி இரைந்துகொண்டு போனது.

"எப்பருந்து?"

"தீவாளிக்கு முந்தியேக்கா."

"மங்களந்தானே சரிபாக்கும். அதுக்குத் தெரியுமா?"

"தெரியும். உங்களுக்குச் சீட்டுக் கிழிஞ்சிரும்னு பயந்துக்கிட்டு அவ சொல்லல."

"கிழிஞ்சிருந்தா வேற வேல பாத்திருப்பேன்லா" என்றாள் காளியம்மா. குரலில் கோபம் கூட இல்லை, ஏதோ கணக்குப் புரியாத பிள்ளை கேட்கிற மாதிரிதான் இருந்தது. "கண்ணக் காட்டியிருப்பேன்ல. சீனி வியாதியோ என்னமோன்னாவது போயிருப்பேன்ல." அப்புறம் கேட்டாள்: "நவமணி, உனக்கும் தெரியுமா?"

நவமணி தெரியும் என்று தலையை ஆட்டினாள். கண்ணீர் கன்னத்தில் இறங்கியது, அதைத் துடைக்காமல் மறுபடியும் ஆட்டினாள்.

காளியம்மா ரோட்டையே பார்த்துக்கொண்டு பதிலுக்குக் காத்திருந்தாள். பக்கத்தில் இருந்தவள் தலை ஆடியது அவளுக்குத் தெரியவில்லை.

"கேக்குறேன்ல" என்றாள். "உனக்குத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியும்க்கா" என்று நவமணி வாயைத் திறந்து சொன்னாள்.